கல்லட்டி இறக்கத்தில் டைமிங் செயின் நீளுமா?

கோத்தகிரி ஒர்க்‌ஷாப்:
“மலையில் இருப்பவர்கள் டைமிங் பெல்ட் உள்ள சிறிய காரையே வாங்க வேண்டும்; இரண்டாம் கியரில் இறங்கி இறங்கியே செயின் நீண்டுவிடும்” என்று குன்னூர் நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. என்ஜினுக்குள் கிராங்க் என்னும் முதன்மைத் தண்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்குக் கொண்டு செல்வதுதான் டைமிங் செயினின் வேலை; சில என்ஜின்களில் அதற்குப் பதில் பெல்ட் இருக்கும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும். இதை நம்பி ஒருவர் நியூட்ரலில் இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் பள்ளத்தில்தான் நிற்பார். என்ஜின் சக்கரத்தை இழுத்தாலும், சக்கரம் என்ஜினைத் தள்ளினாலும் கிராங்க் ஒரே திசையில்தான் சுற்றுகிறது. செயின் கேம்ஷாஃப்டை இழுக்கும் வேலையும் மாறுவதில்லை.

குன்னூர்க்காரன்:
என் வண்டியில் நீண்டது. கழற்றியபோது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாரம் மூன்று முறை மேட்டுப்பாளையம் இறங்குகிறேன். கோயம்புத்தூரில் ஓடிய காலத்தில் செயின் சத்தம் இல்லை. பெல்ட் பூட்டிய என் பழைய மாருதி 800 பன்னிரண்டு ஆண்டுகள் இதே சாலையில் ஓடியது.

கோத்தகிரி ஒர்க்‌ஷாப்:
இரும்பு இழுபட்டு நீள்வதில்லை, ஐயா. கண்ணிகளைக் கோக்கும் ஊசிகள் தேய்கின்றன. கண்ணிக்குக் கண்ணி சேரும் அந்தத் தேய்மானத்தைத்தான் நீண்டது என்கிறோம். ஆயிலைக் காலத்தில் மாற்றாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். பெல்ட் ரப்பர்; ஓடாமல் நின்றாலும் வயதாகும், சீல் கசிந்து ஆயில் பட்டால் ஊறிக் கெடும், அறுந்தால் பல என்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளையும். 2010இல் வந்த ஆல்ட்டோ கே10இல் செயின்தான் இருக்கிறது. அதை இந்த மலையில் எத்தனை பேர் ஓட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

உதகை வாசகி:
உறைபனி விழும் ஜனவரிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் என் காரில் சில நொடி கடகடக்கிறது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை ஆயில் அழுத்தம் எட்டும் வரை செயின் தளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இதை ஏன் இருவருமே பேசவில்லை?

குன்னூர்க்காரன்:
அம்மா, நான் இறக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன். இரண்டாம் கியரில் என்ஜின் சுற்று எகிறுகிறது, செயின் நீள்கிறது. சரிவு குறைந்த கோத்தகிரிச் சாலையில் ஓட்டுபவருக்கு இது விளங்காது. போன வருடம் கிளட்ச் விஷயத்திலும் இவர் இப்படித்தான் அடித்துப் பேசினார்.

கோத்தகிரி ஒர்க்‌ஷாப்:
கிளட்ச் பற்றி நான் சொன்னது இன்றும் சரிதான். சீசனில் உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளை எங்கள் சாலையில்தான் திருப்பி விடுகிறார்கள். பிரேக் புகைந்து அரவேனுவில் நிற்பவற்றைப் பார்ப்பவன் நான். சுற்று எகிறுவதுதான் குற்றம் என்றால், உங்கள் குன்னூர்ச் சாலையின் பர்லியாறு ஏற்றத்தில் அதே கியரில் அதே சுற்றில்தானே ஏறுகிறீர்கள்? அப்போது நீளாத செயின் இறங்கும்போது மட்டும் ஏன் நீள வேண்டும்?

குன்னூர்க்காரன்:
ஏறும்போது நீண்டதா என்று நான் பார்க்கவில்லை. இறங்கும்போது நீண்டது.

கோத்தகிரி ஒர்க்‌ஷாப்:
கடைசியாக ஆயில் மாற்றிய பில்லில் எத்தனை கிலோமீட்டர் எழுதியிருக்கிறது? இரண்டு நாளாகக் கேட்கிறேன்.