எதிர்வீட்டுத் தண்ணீர் டாங்க் இன்ஃபினிட்டி ஆகுமா?

சென்னிமலைப்படி:
நேற்று பல்லடம் பழசு எழுதியது இது: "ஃபெட்-2 ஃபிலிம் கேமராவின் ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது இரண்டு பிம்பத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் பார்க்கும் கருவியை, சரிபண்ண மலையைத் தேட வேண்டாம். லென்ஸை இன்ஃபினிட்டியில் (முடிவில்லாத் தூரத்தில்) வைத்து, எதிர்வீட்டு டாங்கின் இரண்டு பிம்பமும் ஒன்றாகும்வரை ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும்." டாங்க் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். 100 மீட்டராம்! இதை நம்பி இரண்டு பேர் திருப்பியும் விட்டார்கள். 100 மீட்டர் இன்ஃபினிட்டி இல்லை. ஃபெட்-2வின் ரேஞ்ச்ஃபைண்டர் பார்க்கும் இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே 67 மில்லிமீட்டர். அவ்வளவு அகலத்தில் டாங்கும் மலையும் ஒரே இடத்தில் சேராது. கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

பல்லடம் பழசு:
அண்ணா, இருபது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன். இண்டஸ்டார் லென்ஸ், திறப்பு எஃப் 2.8. நீங்க சொல்லும் வித்தியாசம் ஃபிலிமில் 0.03 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். காங்கயத்தில் எடுத்த கல்யாணப் படம் ஒன்றுகூட மங்கலாக வந்ததில்லை.

சென்னிமலைப்படி:
பந்தலில் ஃப்ளாஷ் போட்டு, எஃப் 8க்கு மூடி எடுத்தால் எது மங்கும்? எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும், ஃபோகஸ் பிழை தெரியாது. கணக்கைக் கேளுங்க. 100 மீட்டரில் சேர்த்து வைத்தால், 1 மீட்டரில் ஃபோகஸ் 1 சென்டிமீட்டர் பின்னால் போகும், 2 மீட்டரில் 4 சென்டிமீட்டர். ஜூபிடர்-8 லென்ஸை மாட்டி எஃப் 2இல் திறந்து ஒரு முகத்தை எடுத்துப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

மருதமலை லென்ஸ்:
எஃப் 2.8இல் 1 மீட்டருக்கு முன்னும் பின்னும் 3 சென்டிமீட்டர் தெளிவாகவே வரும். 1 சென்டிமீட்டருக்கா இந்தச் சண்டை? சித்திரை வெயிலில் பெருந்துறையில் நின்று சென்னிமலையைப் பார்த்தால் கானலில் மலையே ஆடும். எதை எதோடு சேர்ப்பீங்க? டாங்க் ஆடாதுங்க. ரஷ்யக்காரன் கேமராவுக்கு இது போதும்.

சென்னிமலைப்படி:
காலை ஏழு மணிக்கு எழுந்தால் கானல் இல்லை. எழ முடியாதென்றால் இரவில் மலைமேல் கோயில் விளக்கைப் பாருங்க. ஒற்றைப் புள்ளி வெளிச்சம், பத்துக் கிலோமீட்டருக்கு மேல். இதைவிட நல்ல குறி எங்கே கிடைக்கும்? அந்த 1 சென்டிமீட்டரோடு கை ஆட்டம், ஃபிலிம் வளைவு எல்லாம் சேரும். தெரிந்தே ஒரு பிழையை உள்ளே வைத்துத் திருகுவது என்ன வேலை? 100 மீட்டர் இன்ஃபினிட்டி இல்லை.

கார்கிவ் காதலன்:
ஃபெட் ரஷ்யக்காரன் கேமரா இல்லைங்க. உக்ரைனில், கார்கிவ் நகரில் செய்தது. ஜோர்க்கி கேமராதான் மாஸ்கோ பக்கம் க்ராஸ்னோகோர்ஸ்கில் செய்தது. இதுகூடத் தெரியாமல் கணக்குப் பேச வந்துவிட்டார்.

மருதமலை லென்ஸ்:
சோவியத் காலத்துக் கேமராவை எல்லோரும் ரஷ்யக் கேமரா என்றுதான் சொல்வார்கள். போன ஐப்பசியில் ஷட்டர் துணி ஓட்டையான ஜோர்க்கி-4ஐ என் தலையில் கட்டியவர் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்.

கார்கிவ் காதலன்:
துணி நன்றாகத்தான் இருந்தது. ஃபிலிமை வைண்ட் பண்ணும் முன்னால் ஸ்பீடு டயலைத் திருப்பாதீங்க என்று மூன்று தடவை சொன்னேன். திருப்பியது யார்?

மருதமலை லென்ஸ்:
ஓட்டைக்கும் டயலுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஈரோட்டு அம்மிணி:
என்னுடையதில் பிம்பம் பக்கவாட்டில் சேர்கிறது, ஆனால் மேலும் கீழுமாக நிற்கிறது. அதற்கும் இதே ஸ்க்ரூதானா?

சென்னிமலைப்படி:
இல்லைங்க. அதற்குச் சின்ன ஜன்னலைச் சுற்றியுள்ள வளையம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்க. அது நகர்ந்தால் பக்கவாட்டும் லேசாக மாறும், அதனால் இன்ஃபினிட்டியை மறுபடி பார்க்கணும். டாங்கில் பார்க்காதீங்க. சந்தேகமிருந்தால் பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தில் டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, ஷட்டரை பி-யில் (பட்டனை அழுத்தியிருக்கும்வரை திறந்தே நிற்கும் நிலை) திறந்து பூதக்கண்ணாடியால் பாருங்க. லென்ஸின் ஃபோகஸ் மலையில் நிற்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

பல்லடம் பழசு:
பேப்பர் ஒட்டி, மலை ஏறி, விடியலில் எழுந்து... படம் எப்போதுங்க எடுப்பது?

சென்னிமலைப்படி:
மலை ஏறச் சொல்லவே இல்லை, பார்க்கத்தான் சொன்னேன். எழுதியதைப் படிக்காமலே பதில் போடுவது உங்களுக்குப் பழக்கம். ஃபிலிம் கழுவும் டெவலப்பரின் சூடு பற்றிய பேச்சிலும் இதையேதான் செய்தீங்க. 100 மீட்டர் இன்ஃபினிட்டி இல்லை.

ஈரோட்டு அம்மிணி:
வளையத்தை எந்தப் பக்கம் திருப்புவது?

பல்லடம் பழசு:
டெவலப்பர் சூட்டிலும் நான் சொன்னதுதான் சரி. நாளை அவிநாசியில் ஒரு கல்யாணம். டாங்கைப் பார்த்துச் சரிபண்ணிய அதே கேமராவைத்தான் எடுத்துப் போகிறேன்.