கப்பிங் போட்டும் கால் வலி போகவில்லை, அவசர உதவி தேவை

மெதுஓட்டம்: போன வாரம் நீண்ட ஓட்டம் ஓடியதிலிருந்து கால் வலி. தோலில் கப்பைக் கவிழ்த்துக் காற்றை உறிஞ்சி இழுக்கும், பம்ப் வைத்த கப்பிங் செட் வாங்கி நானே போட்டேன். கருவட்டம் விழுந்ததுதான் மிச்சம். இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டுமா? ஞாயிறு அரை மராத்தான்!

கிழிந்தஷூ: எந்தக் கால்? ஒன்றா, இரண்டுமா? காலில் எந்த இடம்? எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் கப் பக்கமே போகாதீர்கள்.

விடியல்_ரன்னர்: ஓடும்போது தசையில் உருவாகும் லாக்டிக் அமிலம் தேங்கியிருக்கும் ப்ரோ. வட்டம் கறுத்தால் கழிவு வெளியே வருகிறது என்று அர்த்தம். தினமும் போடுங்க.

மூத்தஓட்டி: இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. லாக்டேட், அதாவது நீங்கள் சொல்லும் அந்த லாக்டிக் அமிலம், ஓட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு வாரம் தேங்கி நிற்க அது என்ன மழைத்தண்ணீரா? அந்தக் கறுப்பு, உறிஞ்சும் வேகத்தில் தோலடி நுண்குழாய்கள் உடைந்து கசிந்த ரத்தம். கழிவு இல்லை.

விடியல்_ரன்னர்: அப்போ 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் பெல்ப்ஸ் தோளெல்லாம் வட்டத்தோடு தங்கம் வாங்கியது சும்மாவா?

மூத்தஓட்டி: 2008இல் ஒரே ஒலிம்பிக்கில் 8 தங்கம் வாங்கிய ஆள். தங்கத்தைக் கப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

நடுவழி: சார், எனக்குப் போட்டபின் கால் லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அது கப்பா, மனசா என்று பிரிப்பது கஷ்டம். போலிக் கப் வைத்துச் சோதித்தால், உறிஞ்சவில்லை என்பது வைத்துக்கொள்பவருக்கே தெரிந்துவிடுமே.

மெதுஓட்டம்: வலது கால் மட்டும். முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரம். 20 நிமிடம் வைத்தேன். மாத்திரை எதுவும் இல்லை.

கிழிந்தஷூ: இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! ஓடிய அலுப்பில் வரும் தசைவலி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் அடங்கிவிடும், பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். உங்களுடையது எலும்பு ஓரத்தில். விரலால் அழுத்திப் பாருங்கள். நீளவாக்கில் பரவி வலித்தால் ஷின் ஸ்பிளின்ட் (அதிக ஓட்டத்தால் கீழ்க்கால் எலும்போரம் வரும் வலி) ஆக இருக்கலாம். ஒரே புள்ளியில் சுள்ளென்றால் எலும்பில் நுண்விரிசல் சந்தேகம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐயில் தெரியும். இரண்டுக்கும் கப் மருந்தில்லை. 20 நிமிடமும் அதிகம், கொப்புளம் வரும். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

விடியல்_ரன்னர்: ஹிஜாமா, அதான் தோலைக் கீறி ரத்தம் எடுக்கும் கப்பிங், பண்ணிப் பார்த்தால்?

மூத்தஓட்டி: எலும்பில் விரிசல் என்கிறார், நீங்கள் தோலைக் கீறச் சொல்கிறீர்கள். பிரமாதம்.

மெதுஓட்டம்: வீக்கம் இல்லை. ஒரே புள்ளிதான். நாளை டாக்டர்.

நடுவழி: ஓடவில்லை என்றால் உங்கள் பிப் (நெஞ்சில் குத்தும் போட்டி எண் அட்டை) எனக்குக் கிடைக்குமா?

மூத்தஓட்டி: பிப் கைமாற்றலாமா என்று முதலில் போட்டி விதியைப் படியுங்கள்.