பழனிக்குப் போகலாம் என்று சொல்லி அண்ணனை காரில் ஏற்றலாமா?

வைகைக்கரை செல்வி:
நேற்று பக்கத்துத் திரியில் ஒரு பையன் கேட்டிருந்தான். அவனுடைய அண்ணன் போதைக்காக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறானாம், எங்கே காட்டுவது, எப்படிப் பேசுவது என்று. அதற்கு எக்ஸ் ஹவில்தார் சார் சொன்ன பதில்: "பழனிக்குப் போகலாம்னு சொல்லி கார்ல ஏத்து. மீதியை போதை மறுவாழ்வு மையத்து ஆளுங்க பாத்துக்குவாங்க. என் தம்பியை அப்படித்தான் திருத்தினேன்." கீழே கைதட்டல் வேறு. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாமாவும் இதே வேலையைத்தான் செய்தார், சமயபுரம் என்று சொல்லி. அதற்கப்புறம் காய்ச்சல் என்றால்கூட என் தம்பி எங்களோடு ஆட்டோவில் ஏற மாட்டான். நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்குப் பெயர் ஆள் கடத்தல், சார்.

எக்ஸ் ஹவில்தார்:
கடத்தலா! அம்மாவின் தோட்டைக் கழற்றிக்கொண்டு போய் அடகு வைத்தவனை "வா ராசா" என்று ஆரத்தி எடுத்துக் கூப்பிடணுமோ? சாகக் கிடக்கிறவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருங்கள். என் தம்பி இன்றைக்கு லாரி ஓட்டுகிறான், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

வைகைக்கரை செல்வி:
ஓட்டட்டும், நன்றாக இருக்கட்டும். நான் கேட்டது அதையல்ல. பழனி என்று ஏன் பொய் சொன்னீர்கள்?

நோட்டரி:
ஒரு சட்ட விஷயம். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும். வர மறுப்பவரைச் சேர்க்க 89ஆம் பிரிவு இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் பிரதிநிதியாக இருந்து விண்ணப்பிக்கணும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு நிபுணரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையிலோ, தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத நிலையிலோ இருக்கிறார் என்று சொல்லணும். அப்படியும் முதலில் 30 நாள்தான். இரண்டு தடியன்களும் ஒரு வேனும் அந்தப் பிரிவில் கிடையாது.

எக்ஸ் ஹவில்தார்:
வக்கீல் சார், நடுராத்திரி ரெண்டு மணிக்கு அவன் கதவை உடைக்கும்போது 89ஆம் பிரிவு வந்து பிடிக்குமா?

வைகைக்கரை செல்வி:
உங்கள் பழனி கார் மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கா வந்தது? பகலில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனதாக நேற்று நீங்களே எழுதினீர்களே.

முருகனடிமை:
எல்லாரும் பழனி பழனி என்கிறீர்கள். சிகிச்சைக்குப் போவதென்றால் சிகிச்சை என்று சொல்லுங்கள். ஆண்டவன் பெயரை இழுக்காதீர்கள்.

நைட் டியூட்டி:
நான் நர்ஸ். அந்தப் பையன் படிப்பான் என்பதற்காக எழுதுகிறேன். அந்த மாத்திரையை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். பார்க்கச் சகிக்காது, ஆனால் மருந்து கொடுத்துச் சமாளிக்கலாம். கூடவே குடியும் இருந்தால் வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும். இன்னொன்று, கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு வெளியே வருகிறவன் பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். மையத்தில் விட்டாச்சு, வேலை முடிந்தது என்று இருப்பவர்கள் இதைத்தான் மறந்துபோகிறார்கள். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி என்கிற மஞ்சள் காமாலைக் கிருமி இரண்டுக்கும் ரத்தம் பார்க்கணும். மதுரை என்றால் ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.

எக்ஸ் ஹவில்தார்:
சிஸ்டர், எல்லாம் சரி. அவனை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது யார்? அதற்குத்தான் பழனி.

கடைசித் தம்பி:
கேட்டது நான்தான். 14446 என்று ஒரு நம்பர் பார்த்தேன். கூப்பிட்டால் போலீஸுக்குத் தகவல் போய்விடுமா? அண்ணன் பையில் பொட்டலம் வேறு இருக்கிறது.

நோட்டரி:
அது சிகிச்சைக்கு வழிகாட்டும் உதவி எண் தம்பி, தைரியமாகக் கூப்பிடு. போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மையத்திலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் ஓடிவந்தால் அந்த விலக்கு போகலாம்.

வைகைக்கரை செல்வி:
"தானாக முன்வந்து"! ஹவில்தார் சார், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள். பழனிக்கு என்று ஏறினவன் எதற்கு முன்வந்தான், பஞ்சாமிர்தத்துக்கா? தம்பி, நீ அவன் கையில் காசு இல்லாமல், உடம்பு முறுக்கிக்கொண்டு கிடக்கும் காலை நேரமாகப் பார்த்துப் பேசு. போதை ஏறியிருக்கும்போது பேசாதே. "ஒரு நாள் டாக்டரை மட்டும் பார்க்கலாம், நானும் உள்ளே வருகிறேன்" என்று சொல். சீட்டு எழுதும் வரிசையில் கூடவே நில். என் தம்பி கடைசியில் வந்தது அப்படித்தான். மாமா வந்தால் வரமாட்டேன் என்றான், சரி என்று மாமாவை வீட்டில் உட்கார வைத்தோம்.

எக்ஸ் ஹவில்தார்:
அப்படி வந்தவன் மறுபடி போடவில்லையா? அதைச் சொல்லுங்கள்.

வைகைக்கரை செல்வி:
போட்டான். தானே திரும்பவும் டாக்டரிடம் போனான். பழனி கார் தேவைப்படவில்லை.

எக்ஸ் ஹவில்தார்:
ஹா ஹா! போட்டானாம்! என் தம்பி ஒரே தடவையில் திருந்தினவன்.

ஒத்தக்கடை வாசி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். ஹவில்தார் அண்ணே, மையம் திருச்சி பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். மதுரையிலிருந்து பழனிக்குத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் போவார்கள். கார் மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் போகும்போது உங்கள் தம்பி ஒன்றும் கேட்கவில்லையா? லாரி ஓட்டுகிறவர் வேறு.

எக்ஸ் ஹவில்தார்:
அப்போது அவன் லாரி ஓட்டவில்லை. அழகர்கோவிலில் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகலாம் என்றோம். இதெல்லாம் இப்போது ரொம்ப முக்கியமா?

வைகைக்கரை செல்வி:
ஒரு பொய்க்கு அழகர் சாட்சி, இன்னொரு பொய்க்கு முருகன் சாட்சி. போன மாதம் "சாப்பாட்டில் தெரியாமல் கலந்துவிடுங்கள்" என்று மூலிகைப் பொடி விளம்பரத்தை இங்கே போட்டதும் நீங்கள்தானே? குடியை நிறுத்துகிற பொடி என்று விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? குடியை நிறுத்த டாக்டர் கொடுக்கிற டைசல்பிராம் மாத்திரையைக்கூட ஆளுக்குத் தெரியாமல் கொடுக்கக் கூடாது. அது உள்ளே போனது தெரியாமல் மது குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. உங்களுக்கு எதையும் தெரியாமல் செய்தால்தான் திருப்தி.

எக்ஸ் ஹவில்தார்:
பொடி விவகாரம் அப்போதே முடிந்தது. அட்மின் நீக்கினார், நானும் விட்டுவிட்டேன். அதைக் கிளறுவது நாகரிகமில்லை.

முருகனடிமை:
அழகரையும் விட்டு வைக்கவில்லையா நீங்கள்?

நைட் டியூட்டி:
கடைசித் தம்பி, நாளைக் காலையில் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வா. என்னென்ன மாத்திரை போடுகிறான் என்று அட்டையைக் கையோடு கொண்டு வா.

ஒத்தக்கடை வாசி:
அழகர்கோவிலுக்கும் மேலூர் ரோட்டுக்கும் ஆகவே ஆகாது அண்ணே. அது வேற ரோடு.

எக்ஸ் ஹவில்தார்:
மேலூர் போய்த் திரும்பியும் அழகர்கோவில் வரலாம். நான் அந்த ஊர்க்காரன், எனக்கே வழி சொல்கிறீர்களா?

வைகைக்கரை செல்வி:
வழியை விடுங்கள். பழனி என்று ஏன் சொன்னீர்கள்? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.