சாளரம், காலதர், வளவு, கண்: வெள்ளிக்கிழமைக்குள் முடிவு வேண்டும்

பாளையங்கோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராப்ட்ஸ்மேன் படிக்கும் பிள்ளைகளுக்காக கணினியில் வரைபடம் வரையும் ஆட்டோகேட் மென்பொருளுக்குக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். திரையில் திறக்கும் விண்டோக்களுக்குச் சரியான தமிழ்ச் சொற்கள் கிடைக்காமல் ஒரே ஒரு பாடம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது.

போன வாரம் ஒரு மாணவி, வீட்டுப் பிளான் ஒன்றைத் திறந்து திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள். இடப்பக்கம் முழு வீடு, வலப்பக்கம் சமையலறை மட்டும் பெரிதாக. வலப்பக்கம் இருப்பது வேறு படம் என்று நினைத்து, அடுப்பு மேடையையும் ஒரு சுவரையும் அழித்துப் பழகிவிட்டு, சேமித்து மூடிவிட்டாள். மறுநாள் திறந்தால் வீட்டில் சுவர் இல்லை. "மிஸ், நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லையே" என்று கண் கலங்கிவிட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. மென்பொருளைச் சுற்றியிருக்கும் பெரிய சட்டம், அதற்குள் தனித்தனியாகத் திறக்கும் வரைபடங்கள், ஒரே வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கும் பகுதிகள், மூன்றையும் நான் 'சாளரம்' என்றே எழுதியிருந்தேன். முதலாவதை மூடினால் எல்லாம் மூடும். இரண்டாவதில் அழித்தால் அந்தப் படத்தில் மட்டும் அழியும். மூன்றாவதில் எந்தப் பகுதியில் அழித்தாலும் எல்லாப் பகுதியிலும் போய்விடும், உள்ளே இருப்பது ஒரே படம்தானே. மூன்று வேலைக்கு மூன்று சொல் தாருங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அம்மா, முதலில் சாளரத்தை விடுங்கள். அது வடமொழி ஜாலத்தின் வழி வந்தது. நம்மிடம் காலதர் இருக்கிறது. கால் காற்று, அதர் வழி. புகார் மாளிகைகளைச் சொல்லும்போது 'மான்கண் காலதர்' என்கிறது சிலப்பதிகாரம். இதைவிடத் தெளிவான சொல் எங்கே கிடைக்கும்?

அடுத்தது. பல படங்களைத் திறந்து வைப்பதற்கு, போன மாதம் இங்கே ஒரு தம்பி 'பல்வரைவு' என்று எழுதினார். வேண்டவே வேண்டாம். அகத்திணையில் வரைவு என்றால் திருமணம். மணந்துகொள்ளும்படி தலைவனைத் தூண்டும் வரைவு கடாதலைப் படித்த பிள்ளைகள் பல்வரைவை எப்படிப் பொருள் கொள்வார்கள்? வரைபடம் என்றே இருக்கட்டும். பல்வரைபடம், பலவரைபடம் இரண்டும் சரி. பிற சொல் வரும்போது 'பல'வின் ஈற்று அகரம் கெட்டும் வரலாம், கெடாமலும் வரலாம் என்று நன்னூல் இடம் தருகிறது.

வரை என்ற சொல்லையே பாருங்கள். கோடும் வரை, எல்லையும் வரை, மலையும் வரை. சாயங்காலம் எங்கள் ஊரில் ஆற்றங்கரையில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை ஒரே கோடாகத் தெரியும், வானத்துக்கு எல்லை கிழித்ததுபோல. மலைக்கு வரை என்று பெயர் வந்தது அந்தக் கோட்டினால்தான் என்பது என் துணிபு.

தூத்துக்குடியிலிருந்து:

ஐயா, தென்றல் 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' வருவதும் அதே சிலம்பில்தானே? இளங்கோ இரண்டு சொல்லையும் வைத்துக்கொண்டார், நாம் ஏன் ஒன்றைத் துரத்த வேண்டும்? பிறப்பைப் பார்க்கப் போனால் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை எல்லாமே போர்த்துகீசியம். எங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கியவர்கள் விட்டுப்போனவை. 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலை அச்சிட்ட அன்றிக்கஸ் பாதிரியார், நம் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் இருந்து தமிழ் படித்தவர். சரி, அது வேறு பேச்சு.

நான் கட்டட வரைபட வேலையில் இருக்கிறேன். ஒரு படத்தை மூடினால்தான் இன்னொன்று திறக்கும் என்றிருந்த காலத்தில் பழகியவன். 1999-இல் ஆட்டோகேட் 2000 வந்த பிறகுதான் பல படங்களை ஒன்றாகத் திறந்து, பழைய பிளானிலிருந்து கதவை எடுத்துப் புதியதில் ஒட்ட முடிந்தது. இன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் "அடுத்த டிராயிங்குக்குப் போ" என்போம், கண்ட்ரோலையும் டேபையும் அமுக்குவோம். வேலைக்கு வரும் பிள்ளையிடம் காலதரை மூடு என்றால் அது திகைத்து நிற்கும். தனிப் படத்தை டிராயிங், பிரித்துப் பார்க்கும் பகுதியை வியூபோர்ட் என்றே எழுதுங்கள் டீச்சர்.

அப்புறம், அந்தச் சுவர் போகவில்லை. முந்தைய சேமிப்பு அதே பெயரில், பேக் (bak) என்ற பின்னொட்டோடு காப்புக் கோப்பாக இருக்கும். அதன் பின்னொட்டை டி.டபிள்யு.ஜி. என்று மாற்றித் திறக்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, சுவர் கிடைத்துவிட்டது. ரொம்ப நன்றி.

ஆனால் டிராயிங், வியூபோர்ட் என்று எழுதினால் பெயர் மட்டும்தான் தெரியும். எதில் அழித்தால் எது போகும் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். எனக்கு ஒன்று தோன்றுகிறது. பெரிய சட்டத்துக்கு 'வளவு' என்று வைத்தால் என்ன? ஒரு வாசல், ஒரு கிணறு, உள்ளே வரிசையாக வீடுகள். வாசலை அடைத்தால் எல்லா வீடும் அடைபடும். ஒரு வீட்டுச் சுவரை இடித்தால் அடுத்த வீட்டுக்கு ஒன்றும் ஆகாது.

சாளரங்களை வரிசைப்படுத்தும் கட்டளைகளுக்கும் சொல் வேண்டும். 'அருவியடுக்கு' என்று தென்காசியிலிருந்து ஒருவர் தனியாக எழுதியிருந்தார். கேஸ்கேட் என்ற ஆங்கிலச் சொல்லில் அருவி இருப்பது உண்மைதான், ஆனால் சாளரங்கள் விழவில்லையே. ஒன்றன்பின் ஒன்றாக, தலைப்பட்டை மட்டும் வெளியே தெரிய நிற்கின்றன. குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் மேலே நின்று பார்த்தால் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரியுமே, அப்படி. 'படியடுக்கு' என்கிறேன். இடைவெளி இல்லாமல் பக்கம்பக்கமாக நிரப்புவதற்குப் 'பாவு'. தளத்துக்குக் கல் பாவுகிறோம் அல்லவா?

காரைக்குடியிலிருந்து:

படியடுக்கும் பாவும் அருமை. வளவு வேண்டாம் அக்கா. எங்கள் பக்கம் வளவு என்றால் வீட்டுக்குள் இருக்கும் முற்றமும் அதைச் சுற்றிய இடமும். உங்களுக்கு வெளிவாசல், எங்களுக்கு நடுவீடு. கையேடு ஒரு மாவட்டத்தோடு நிற்காது.

கொக்கிரகுளத்திலிருந்து:

நான் கட்டட மேஸ்திரி, தமிழ் இலக்கணம் தெரியாது. மூன்றாவது சொல்லுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். ஆத்துப் பாலத்தை, அதுதான் 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தை, தினமும் தாண்டுகிறேன். அதற்கு 11 கண். எந்தக் கண் வழியாகப் பார்த்தாலும் ஓடுவது ஒரே ஆறு. ஒரு கண்ணுக்குக் கீழே சாயம் கலந்தால் அடுத்த கண்ணில் தண்ணீர் தனியாகவா இருக்கும்? பிரித்துப் பார்க்கும் பகுதிக்குக் 'கண்' என்று வையுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

கண் மிக நன்று. குறுங்கண் என்று சிலம்பிலேயே இருப்பதைத் தூத்துக்குடித் தம்பி எடுத்துக்காட்டியும் நான் கவனிக்காமல் விட்டேன். ஆனால் சாளரத்தின் கண் என்பதைவிடக் காலதரின் கண் என்பதே பொருந்தும். இதில் என் கருத்து மாறவில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து:

நாளை காலை அச்சகம். தனி வரைபடத்துக்குச் சாளரம், பிரிவுக்குக் கண், அப்புறம் படியடுக்கு, பாவு. பெரிய சட்டத்துக்கு வேறு வழியில்லாமல் 'முதன்மைச் சட்டம்' என்று போட்டிருக்கிறேன். அதில் எனக்கு நிறைவில்லை. வளவைப் பாடத்தில் ஓர் உவமையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன், பிள்ளைகள் பாதிப் பேர் வளவில் இருந்துதான் வருகிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

கண் பக்கத்திலேயே வியூபோர்ட் என்றும் ஒரு தடவை தமிழெழுத்தில் போட்டுவிடுங்கள் டீச்சர். மென்பொருளில் அந்தப் பெயரைத்தான் பார்ப்பார்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அடுத்த பதிப்புக்கு முன் சொல்லுங்கள் அம்மா, காலதரைப் பற்றி மறுபடியும் பேச வேண்டும். வரைக்கும் மலைக்கும் உள்ள உறவுக்கு இன்னும் இரண்டு சான்றுகள் எடுத்து வைத்திருக்கிறேன். நாளை எழுதுகிறேன்.