சனிக்கிழமை ஆபீஸ் ஸ்கீ பயணம், என்னை நீல ரன் குழுவில் சேர்த்துவிட்டார்கள். போகலாமா? அவசரம்

மதுரை_புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். குளிர் தொடங்கும் நேரத்தில்தான் குடும்பத்தோடு வந்து இறங்கினோம். வேலையில் இன்னும் புரொபேஷன் முடியவில்லை. சனிக்கிழமை டீம் முழுவதும் ஸ்கீ போகிறது. சக ஊழியர் ஒருவர் என்னைக் கேட்காமலே நீல ரன் (மலையில் நீலக் குறி போட்ட சறுக்குப் பாதை) போகிறவர்கள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்துவிட்டார். "ராத்திரியே மெஷின் ஓட்டிச் சமமாக்கிவிடுவார்கள், குரூம் செய்த நீலத்தில் யார் வேண்டுமானாலும் போகலாம்" என்கிறார். உண்மையா? அப்புறம், ஸ்கீ வாடகைப் படிவத்தில் நான் ஒன்றாம் வகையா, இரண்டா, மூன்றா என்று கேட்கிறது. இன்று இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். வரவில்லை என்று சொன்னால் தவறாக நினைப்பார்களோ? மனைவி வேறு பயந்துபோய் இருக்கிறாள். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

ஸ்கார்பரோ_அண்ணை:
தம்பி, முதலில் ஒழுங்கான ஜாக்கெட் இருக்கிறதா, அதைச் சொல்லும். நான் வந்த முதல் குளிர்காலம் பேஸ்மென்டில் நாலைந்து பேரோடு. இரவு முழுக்க பேக்கரி வேலை, விடிய பஸ் ஸ்டாப்புக்குப் பனியில் நடை. பனி என்றால் எங்களுக்கு ஷவலால் அள்ளி ஒதுக்குகிற சாமான். அதில் காசு கட்டி விழப் போகிறவர்களை எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கால் முறிந்தால் வேலை போகும், வேலை போனால் வாடகை யார் கட்டுவது? வீட்டில் விசேஷம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இரும்.

சூரிச்_வாசி:
அண்ணை சொல்வதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நீலம்தான் இருப்பதிலேயே சுலபம். அதற்கு மேல் சிவப்பு, அதற்கும் மேல் கறுப்பு. நீலத்தில் சின்னச் சின்ன இடங்களைத் தவிரச் சரிவு 25 சதவீதத்தைத் தாண்டாது. சிவப்பு 40 வரை போகும். மஞ்சள் அடையாளம் உள்ள பாதையில் மட்டும் இறங்காதீர்கள். பனிச்சரிவு அபாயம் பார்த்துத்தான் அதைத் திறப்பார்கள், ஆனால் மெஷின் ஓட்ட மாட்டார்கள், மாலையில் ரோந்தும் வராது. என் மகள் பள்ளிக்கூடம் சேருமுன்பே நீலத்தில் இறங்கினாள். தைரியமாகப் போங்கள்.

விஸ்லர்_பக்கம்:
ஐயோ, நிறுத்துங்கள். நீலம் எப்படிச் சுலபமாகும்? பச்சை வட்டம்தான் சுலபம். நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டயமண்ட் கடினம், இரட்டை டயமண்ட் கைதேர்ந்தவர்களுக்கு. நீலச் சதுரம் என்றால் ஏறக்குறைய 25 முதல் 40 சதவீதச் சரிவு. நீங்கள் சிவப்பு என்று சொல்வதுதான் இங்கே நீலம். புதியவரை அதில் அனுப்பினால் பாதி மலையை உட்கார்ந்தபடியேதான் இறங்குவார்.

சூரிச்_வாசி:
எங்கள் பக்கம் பச்சையே கிடையாது. இத்தனை வருஷமாகச் சறுக்குகிறேன், எனக்குத் தெரியாதா?

ஆஸ்லோ_தம்பி:
நார்வேயில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நாலும் உண்டு. ஃபிரான்ஸிலும் அப்படித்தான். இரண்டு பேரும் அவரவர் மலையைச் சொல்கிறீர்கள். இதில் சண்டை எதற்கு?

விஸ்லர்_பக்கம்:
சண்டை இல்லை தம்பி. வட அமெரிக்காவில் இந்த வட்டம், சதுரம், டயமண்ட் எல்லாம் 1960களிலேயே நிலைபெற்றுவிட்டன. கலிஃபோர்னியாவில் ஒரு ஸ்கீ தலம் கட்டப் போவதாக டிஸ்னி கம்பெனி அப்போது திட்டம் போட்டதே, அந்த ஆய்வில் வந்த குறிகளைத்தான் பிறகு அங்குள்ள ஸ்கீ தலங்களின் சங்கம் எடுத்துக்கொண்டது. அந்தத் தலம் கடைசிவரை வரவே இல்லை, குறிகள் மட்டும் மிஞ்சின.

பேஸ்மென்ட்_ராஜா:
வரலாறு கிடக்கட்டும். ஒரு நாள் லிஃப்ட் டிக்கெட் விலையைப் பார்த்தீர்களா? ஒரு வாரத்து மளிகைச் செலவு. அதற்கு மேல் ஸ்கீ வாடகை, ஹெல்மெட் வாடகை, லாக்கருக்குத் தனிக் காசு. சாப்பிட ஏதாவது சைவமாகக் கேட்டால் ஃப்ரைஸைக் கையில் கொடுப்பார்கள். திங்கட்கிழமை ஆபீஸில் "உனக்குப் பிடித்த ரன் எது?" என்று கேட்பார்கள். இதற்குப் பெயர் டீம் பில்டிங். எனக்கு முதல் வேலை கிடைத்த இடத்தில் இதற்கெல்லாம் வராதவனுக்கு நல்ல புராஜெக்டும் வராது. இந்த ஊர்களில் எதற்கும் கார் வேண்டும், காருக்கு விண்டர் டயர் வேண்டும், அதை வாங்கப் போனால்...

ஸ்கார்பரோ_அண்ணை:
டயரைப் பற்றிப் பேசாதேயும். இன்ஷூரன்ஸ்காரன் என்னை உரித்த கதை தனியாக எழுத வேண்டும்.

கல்கரி_அக்கா:
டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேறு திரியில் பேசுங்கள். மதுரைக்காரரே, எந்த நாடு, எந்த மலை? இதற்கு முன்னால் எப்போதாவது ஸ்கீ மாட்டியிருக்கிறீர்களா? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் பயனில்லை.

மதுரை_புதுவரவு:
மன்னிக்கவும் அக்கா, பதற்றத்தில் சொல்லவில்லை. கல்கரிதான். நகிஸ்கா போகிறோம். ஸ்கீ என்றால், மணாலி போயிருந்தபோது சோலாங்கில் வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்தேன். நகரவில்லை.

சூரிச்_வாசி:
ஓ, கனடாவா? அப்படியென்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். பச்சைதான்.

கல்கரி_அக்கா:
நல்லது. இனி நிதானமாகப் பார்ப்போம். நகிஸ்கா 1988 குளிர்கால ஒலிம்பிக்கில் மலைச்சரிவுப் பந்தயங்கள் நடந்த இடம். நீல ரன் நிறைய, மெஷின் வேலையும் சுத்தமாக இருக்கும். உங்கள் நண்பர் அதை வைத்துத்தான் பேசுகிறார். ஆனால் அவருக்குச் சுலபமாக இருப்பது உங்களுக்கும் சுலபமாக இருக்காது.

பலகையில் உள்ள நிறத்தை அந்தந்த மலைக்காரர்கள்தான் முடிவு செய்கிறார்கள். தங்கள் மலையின் மற்ற ரன்களோடு ஒப்பிட்டு, சரிவு, அகலம், வளைவு எல்லாம் பார்த்து வைப்பது. ஊருக்குள் இருக்கும் ஒலிம்பிக் பார்க்கின் நீலத்தில் பழகியவர் லேக் லூயிஸ் மலையின் நீலத்தில் திணறலாம். இரண்டும் சதுரம்தான்.

குரூமிங் என்பது நேற்று ராத்திரி நடந்த வேலை. பெரிய பெல்ட் வண்டி முன்னால் பனியைத் தள்ளி, பின்னால் கிளறி அழுத்திக்கொண்டே போகும். காலையில் முதல் லிஃப்டில் ஏறினால் சீப்பால் வாரியது போல வரிவரியாகத் தெரியும். அதில் திரும்புவது சுகம். மதியத்துக்குள் நூற்றுக்கணக்கான ஆட்கள் சுரண்டி, நடுவில் வழுக்கும் திட்டும் ஓரங்களில் தளர்ந்த பனிக் குவியலுமாக ஆகிவிடும். இங்கே இன்னொரு தொல்லை உண்டு. சினூக் என்ற வெப்பக் காற்று வந்தால் பகலில் பனி இளகி, இரவில் கெட்டியாக உறைந்துவிடும். மறுநாள் காலையில் அதே ரன் ஐஸ். பலகை அதே நீலச் சதுரத்தோடுதான் நிற்கும். அன்றைக்குத் தரை எப்படி என்பதற்காக நிறத்தை யாரும் மாற்றி எழுத மாட்டார்கள்.

அதனால் குரூம் செய்த கறுப்பு ரன், மேடு மேடாகக் கிடக்கும் நீலத்தைவிடச் சுலபமாக இருப்பதும் உண்டு, திருப்பத் தெரிந்தவருக்கு. செங்குத்தான இடத்தில் வண்டியைக் கம்பி வடத்தில் கட்டி இறக்கி குரூம் செய்வார்கள். தரை சமமாகும், சரிவு குறையாது.

விஸ்லர்_பக்கம்:
அக்கா, ஒரு சின்ன மறுப்பு. குரூம் செய்து இறுகிய தரை புதியவரை வேகமாக இழுத்துக்கொண்டு போகும். மேலே லேசாகப் புதுப் பனி விழுந்திருந்தால் அதுவே பிரேக். எனக்கு முதல் சீசனில் குரூம் செய்த ரன்தான் அதிகம் பயம் காட்டியது.

கல்கரி_அக்கா:
லேசாக என்றால் சரி. முழங்கால் அளவு விழுந்தால் புதியவர் ஸ்கீயைத் திருப்பவே முடியாது. அப்புறம், பச்சை என்று எழுதியிருந்தாலும் சில இடங்களில் அது ஒரு பக்கம் பள்ளமுள்ள குறுகலான சாலை. ஸ்கீகளின் முன்முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை ஆப்பு வடிவில் விரித்து நிற்கக் கற்றவருக்கு அங்கே விரிக்க இடமே இருக்காது. வரைபடத்தில் அகலமான பச்சையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். நினைத்த இடத்தில் நிற்க வேண்டும், இடமும் வலமும் திரும்ப வேண்டும், லிஃப்டில் ஏறி விழாமல் இறங்க வேண்டும். இவை வராதவரை பச்சைக்குக்கூட அவசரப்படாதீர்கள். முதலில் கீழே கன்வேயர் பெல்ட் உள்ள பயிற்சிப் பகுதி. வகுப்பு, வாடகை, கீழ்ப்பகுதி டிக்கெட் மூன்றும் சேர்ந்த புதியவர் பேக்கேஜ் இருக்கிறதா என்று மலையின் தளத்தில் பாருங்கள், முழு டிக்கெட்டைவிட மலிவாக வரும். காலை வகுப்பு எடுங்கள், தரை நன்றாக இருக்கும் நேரம்.

படிவத்தில் ஒன்றாம் வகை, அதாவது மெதுவாக, கவனமாகச் சறுக்குகிறவர். கூச்சப்பட்டு இரண்டு என்று போடாதீர்கள். உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸ் நீளத்தோடு இதையும் சேர்த்துத்தான், பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங்கை முறுக்குவார்கள். வகை கூடினால் பிடிப்பும் கூடும். விழும்போது ஸ்கீ கழலாமல் நின்றால் முழங்கால்தான் திருகும்.

ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி உள்ளாடை வேண்டாம், நனைந்தால் குளிரும். நீளமான சாக்ஸ் ஒரே ஒரு ஜோடி, இரண்டு போட்டால் கால் இன்னும் விறைக்கும். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். உங்களுக்குக் கீழே போகிறவருக்கே வழியுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலக வேண்டும். ஆல்பர்ட்டாவில் ஆம்புலன்ஸ் காசு நம் தலையில், ஆபீஸ் பெனிஃபிட்ஸ் அதைக் கொடுக்குமா என்று முன்பே பார்த்து வையுங்கள்.

பேஸ்மென்ட்_ராஜா:
புரொபேஷனில் இருப்பவர் பட்டியலை மாற்றச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்களா?

கல்கரி_அக்கா:
மாட்டார்கள். "எனக்கு இதுதான் முதல் தடவை, காலையில் வகுப்பு, மதியம் சாப்பாட்டுக்கு உங்களோடு வந்துவிடுகிறேன்" என்று ஒரு வரி போதும். இங்கே பிறந்தவர்களிலும் ஸ்கீ தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

மதுரை_புதுவரவு:
மேனேஜருக்கு அப்படியே எழுதி அனுப்பிவிட்டேன். பதில் வந்தது: டீமில் இன்னும் இருவர் வகுப்புக்குப் போகிறார்களாம், என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டார். படிவத்தில் ஒன்று போட்டுவிட்டேன். கடைசியாக ஒரு சந்தேகம்: நான் பவர் கண்ணாடி போடுகிறவன். அதற்கு மேல் காகிள்ஸ் மாட்ட முடியுமா?

விஸ்லர்_பக்கம்:
கண்ணாடிக்கு மேல் போடுவதற்கென்றே அகலமான மாடல் உண்டு. கடையில் உங்கள் கண்ணாடியோடும் ஹெல்மெட்டோடும் போட்டுப் பார்த்து வாங்குங்கள். உள்ளே ஆவி படிந்தால் விரலால் துடைக்காதீர்கள், கோட்டிங் போய்விடும். லிஃப்டில் போகும்போது நெற்றிக்கு ஏற்றியும் வைக்காதீர்கள், வியர்வையில் இன்னும் மங்கும்.

ஸ்கார்பரோ_அண்ணை:
ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டேன், இன்னும் பதில் இல்லை.

மதுரை_புதுவரவு:
இருக்கிறது அண்ணை. நாளைக்கு ஸ்கீ பேன்ட் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறேன்.