மேல்தோலின் கடைசி அடுக்குக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,

செவிலியர் வகுப்புக்குத் தோல் பாடத்தைத் தமிழில் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘எபிடெர்மிஸ்’ மேல்தோல், அதில் சிக்கல் இல்லை. அதன் வெளிக்கோடியில் இருக்கும் ‘ஸ்ட்ராட்டம் கார்னியம்’தான் இழுக்கிறது. எங்கள் பழைய குறிப்பில் ‘கொம்புப் படலம்’. குறைமாதக் குழந்தைக்கு இந்த அடுக்கு மெல்லியது, உடல் நீர் வேகமாக வெளியேறும், பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் தோலும் உரிந்து வரும் என்று சொல்லித்தர வேண்டிய இடம் இது. கொம்பு எங்கிருந்து வந்தது என்று மாணவிகள் கேட்கிறார்கள்.
— ஆசிரியை

அம்மா,

லத்தீனில் ‘கார்னு’ கொம்பு, ‘கார்னியம்’ அதிலிருந்து வந்தது. கிரேக்கத்தில் ‘கெராஸ்’ கொம்பு, அந்த அடுக்கின் கடினப் புரதமான ‘கெரட்டின்’ அதிலிருந்து வந்தது. அந்த வழியில் நாம் ஏன் போக வேண்டும்? தொல்காப்பிய மரபியல் ‘புறக்காழனவே புல்லென மொழிப’ என்கிறது: காழ், அதாவது வன்மை, வெளியே உள்ளவற்றைப் புல் என்பர். பனைக்கும் மூங்கிலுக்கும் வன்மை வெளியே, தோலுக்கும் அப்படியே. ஆகவே ‘புறக்காழ்’. வினையும் கிடைக்கிறது: ‘களையுநர் கைகொல்லும் காழ்த்த இடத்து’ (குறள் 879), முள்மரம் முற்றி வன்மையானால் வெட்டுபவர் கையையே வருத்தும். அடியில் பிறக்கும் செல் மேலே ஏற ஏறக் கெரட்டின் நிறைந்து காழ்க்கிறது. காழ்த்தல், காழ்ப்பு, காழ்செல் என்று ஒரே வேரில் ஒரு குடும்பமே வரும். விதைக்கும் காழ் என்று பெயர், மணிவடத்துக்கும் உண்டு. இவற்றின் உறவைத் தனி மடலில் விரிக்கிறேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா,

குறள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ‘காழ்ப்பு’ என்றால் இன்று பகைமைதான் நினைவுக்கு வரும். என்னிடம் வருகிறவர்கள் ‘கை காய்ச்சுப் போச்சு டாக்டர்’ என்கிறார்கள். ‘காய்ப்படுக்கு’ போதாதா? வன்மையை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை விட்டுப்போகும். பெரும்பாலான இடங்களில் தட்டைச் செல்கள் 15 முதல் 20 வரிசை, செங்கல் மாதிரி. இடையில் செராமைடு என்னும் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள், சாந்து மாதிரி. நீரைத் தடுப்பதில் பெரும்பங்கு அந்தச் சாந்துக்குத்தான்.
— தோல் மருத்துவர்

காய்ப்பு, உராய்ந்து தடித்த இடம். இயல்பான அடுக்குக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டால் மண்வெட்டி பிடித்த கையில் வருவதை என்னவென்பது? ‘இறந்த செல் அடுக்கு’ என்று எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும். ‘கொம்பு’ எப்படியும் கூடாது: காண்டாமிருகக் கொம்பு கெரட்டின், மான் கொம்பு எலும்பு.
— விலங்கியல் மாணவர்

‘இறந்த’ வேண்டவே வேண்டாம். உட்கரு இல்லை, சரி. ஆனால் அங்கே நொதிகள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. செல்களின் பிணைப்பை அறுத்து உதிர்ப்பவை அவைதாம். மேற்பரப்பு சற்றே அமிலமாக, பிஎச் 5 அளவில், இருப்பது அவற்றை அளவோடு வேலை செய்ய வைக்கிறது. செத்தது என்று படித்த செவிலியர் நோயாளியின் தோலைத் தேய்த்துக் கழுவத் தயங்க மாட்டார். ‘காப்படுக்கு’ என்று வைத்தால் கை தானாக மெதுவாகும்.
— தோல் மருத்துவர்

காப்படுக்கு எனக்குச் சம்மதம்.
— விலங்கியல் மாணவர்

எனக்குச் சம்மதமில்லை. தோல் நிறமியான மெலனின் இருப்பதும் மேல்தோலில்தானே, வெயிலிலிருந்து அதுவும் காக்கிறது. காப்பு முழு மேல்தோலுக்கும் உரியது. ஓர் அடுக்குக்கு மட்டும் கொடுப்பது பிழை.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ஐயா, மறுப்பு நியாயமானது. ஆனால் நாளை அச்சு. ‘காப்படுக்கு’ என்று எழுதி, அருகில் ஸ்ட்ராட்டம் கார்னியத்தையும் தமிழ் எழுத்தில் கொடுக்கிறேன். செல் கெட்டிப்படும் நிகழ்வுக்குக் ‘காழ்த்தல்’ என்றே போட்டிருக்கிறேன்.
— ஆசிரியை

காழ்த்தலுக்கு நன்றி அம்மா. காழ்ப்பது வினையானால் காழ்த்தது புறக்காழ்தான். அடுத்த பதிப்புக்கு மறுபடி எழுதுவேன்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்