ரேஷன் கடையும் சந்தைக்கடையும்

குழு: வைகைக்கரை வீடு
9 பிப்ரவரி 2026, திங்கள்கிழமை (இந்திய நேரம்)

8:51 செந்தில்: முடிந்தது. சியாட்டில் 29, நியூ இங்கிலாந்து 13. அமெரிக்க ஃபுட்பாலின் இறுதிப் போட்டி, சூப்பர் பவுல் என்று சமோசா, சிக்கன் எல்லாம் வாங்கி வைத்து உட்கார்ந்தால், மூன்று கால்பகுதி முடியும்வரை ஒரு டச்டவுன் கூட இல்லை.

8:54 மீனாட்சி: வாக்கிங் போய்விட்டு வந்து பார்த்தால் 64 மெசேஜ். யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று ஒரு நிமிடம் பயந்துவிட்டேன். ஃபுட்பாலுக்கா இத்தனை?

8:54 நந்தினி: அத்தை, இது நம் ஊர் ஃபுட்பால் இல்லை. முட்டை வடிவப் பந்து. கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எதிராளி மோதித் தள்ளுவான். கடைசிக் கோட்டைத் தாண்டினால் அதுதான் டச்டவுன்.

8:55 மீனாட்சி: கையில் பிடித்து ஓடுவதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர்?

8:55 செந்தில்: அக்கா, இதை நான் இங்கே வந்த நாள்முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

8:57 சுந்தரம்: இந்த நியூ இங்கிலாந்து போன வருஷம் மட்டமான அணி என்று நீதானே எழுதினாய், செந்தில்? அது எப்படி இறுதிப் போட்டிக்கு வந்தது?

9:01 செந்தில்: அதுதான் அண்ணா, என்எஃப்எல் என்கிற இந்தத் தொழில்முறை லீக்கின் வித்தையே. இரண்டு வருஷம் தொடர்ந்து 4 வெற்றி, 13 தோல்வி. இந்த வருஷம் 14 வெற்றி, 3 தோல்வி. இங்கே எல்லாமே ரேஷன் கடை முறை. 32 அணிகள். நாடு முழுக்கக் காட்டும் டிவி ஒப்பந்தப் பணம் எல்லோருக்கும் சமபங்கு. காலேஜ் முடித்து வரும் பையன்களில் நல்லவனை முதலில் எடுக்கும் உரிமை கடைசி இடத்தில் இருந்த அணிக்கு. அது டிராஃப்ட். சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இந்த சீசனில் ஒரு அணி மொத்தமாக 27.92 கோடி டாலருக்கு மேல் போகக்கூடாது.

9:02 சுந்தரம்: கோடீஸ்வர முதலாளிகள் தங்களுக்குள் மட்டும் பொதுவுடைமையா? பலே.

9:03 செந்தில்: அப்படியும் எங்கள் டல்லாஸ் ஜெயித்துக் கடைசியாகக் கோப்பை தூக்கியது 1996 ஜனவரியில். 30 வருஷம். ரேஷன் கடையிலும் சிலருக்குப் புழுங்கலரிசி கிடைக்காது போல.

9:03 கவிதா: நல்லது. இதற்காவது இந்த வீட்டில் கொஞ்சம் அடக்கம் வரட்டும்.

9:05 நந்தினி: சித்தப்பா, உங்கள் ரேஷன் கடையை விடுங்கள். எங்கள் ப்ளூமிங்டன் கதையைச் சொல்லட்டுமா?

9:05 செந்தில்: மூன்று வாரமாக அதைத்தானே சொல்கிறாய்.

9:11 நந்தினி: அத்தைக்காக இன்னொரு முறை. நாங்கள் இண்டியானா யூனிவர்சிட்டி. பாஸ்கெட்பால் ஊர். ஃபுட்பாலில் பல காலம் நாட்டிலேயே அதிகத் தோல்விக் கணக்கு எங்களுடையதாகத்தான் இருந்தது. 2023 டிசம்பரில் கர்ட் சிக்னெட்டி என்று ஒரு கோச் வந்தார். அப்போதே அறுபது வயதைக் கடந்தவர். பையன்களை எப்படி நம்ப வைப்பீர்கள் என்று கேட்டதற்கு, நான் ஜெயிப்பவன், கூகுளில் தேடிப் பாருங்கள் என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். முதல் வருஷம் 11 வெற்றி. இந்த வருஷம் 16க்கு 16. ஜனவரி 19 அன்று மயாமியில், மயாமி அணியின் சொந்த மைதானத்தில், மயாமியையே 27-21 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன். 16-0 என்பது 1894இல் யேல் செய்ததற்குப் பிறகு இப்போதுதான். அன்று ராத்திரி அந்தக் குளிரில் கிர்க்வுட் அவென்யூ முழுக்க ஜனம். நானும் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

9:12 சுந்தரம்: அம்மாவுக்கு இப்போது நான் வாசித்துக் காட்டியாகிவிட்டது.

9:12 நந்தினி: அப்பா!

9:14 மீனாட்சி: தோற்றுக்கொண்டே இருந்த பிள்ளைகள் ஒரே வருஷத்தில் எப்படி ஜெயித்தார்கள்? டியூஷனா?

9:18 செந்தில்: அக்கா, பிள்ளைகள் மாறவில்லை. பிள்ளைகளையே மாற்றிவிட்டார்கள். காலேஜ் மாற நினைக்கிற பையன்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று 2018இலிருந்து இருக்கிறது. முன்பெல்லாம் காலேஜ் மாறினால் ஒரு வருஷம் விளையாடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மட்டும் சலுகை. 2024இலிருந்து படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். சிக்னெட்டி தன் பழைய காலேஜிலிருந்து ஒரு கூட்டத்தையே கூட்டி வந்தார். ஜெயித்துக் கொடுத்த குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன், ஃபெர்னாண்டோ மெண்டோசா. கலிஃபோர்னியா யூனிவர்சிட்டியிலிருந்து வந்தவன். ஒரே சீசன்.

9:19 நந்தினி: மயாமியில் வளர்ந்தவன் சித்தப்பா. சொந்த ஊரில், நான்காவது முயற்சியில், மூன்று பேர் மேலே விழ விழப் பந்தோடு பாய்ந்தானே, அதை விட்டுவிட்டீர்களே. வருஷத்தின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரனுக்கான ஹைஸ்மன் விருது வேறு. ஹைஸ்கூல் முடிக்கும்போது பெரிய காலேஜ்கள் அநேகமாகத் திரும்பிக்கூடப் பார்க்காத பையன்.

9:20 செந்தில்: பையன் தங்கம். அவனைக் குறை சொல்லவில்லை.

9:22 சுந்தரம்: பணம்? யார் கொடுக்கிறார்கள்? மாணவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று நீதான் முன்பு சொன்னாய்.

9:29 செந்தில்: அது 2021 வரை. அந்த வருஷம் சுப்ரீம் கோர்ட் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். அடுத்த வாரமே விளம்பரத்தில் தன் பெயரையும் முகத்தையும் விற்கப் பையன்களுக்கு அனுமதி வந்தது. அப்புறம் பழைய மாணவர்கள் நிதி திரட்டி விளம்பரம் என்ற பெயரில் சம்பளமே கொடுத்தார்கள். போன ஜூனில் இன்னொரு வழக்கு சமரசம் ஆனது. 2016இலிருந்து விளையாடியவர்களுக்கு 280 கோடி டாலர் பாக்கி, பத்து வருஷத்தில் கொடுக்க வேண்டும். அதோடு ஜூலை 1இலிருந்து காலேஜே நேரடியாகப் பணம் தரலாம். முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டும் சேர்த்து 2.05 கோடி டாலர் வரை. பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும்.

9:31 சுந்தரம்: நம் பணத்தில் 180 கோடிக்கு மேல். இத்தனை கொடுத்தும் அவர்கள் ஊழியர்கள் இல்லையா?

9:31 செந்தில்: இல்லை. மாணவர்கள் என்றுதான் இன்னமும் சொல்கிறார்கள்.

9:38 சுந்தரம்: அப்போது இது நிற்காது. எழுதி வைத்துக்கொள். 27 கோடி டாலருக்கு மேல் தரமாட்டோம் என்று 32 முதலாளிகள் கூடிப் பேசி முடிவு செய்தால் சாதாரணமாக அது சட்டவிரோதக் கூட்டுச்சதி. என்எஃப்எல்லில் அது செல்லுவதற்குக் காரணம் எதிரே ஆட்டக்காரர் சங்கம் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருக்கும். உண்டா இல்லையா?

9:39 செந்தில்: உண்டு அண்ணா. 2020இல் போட்டது, 2030 சீசன் வரை.

9:44 சுந்தரம்: பார்த்தாயா? பேங்கில் எங்கள் இருதரப்பு ஒப்பந்தமும் அதேதான். பேரம் பேசும்போது பஞ்சப்படிக்குக் கத்துவோம், வெளிநடப்பு செய்வோம். கையெழுத்தான பிறகு ஐந்து வருஷம் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்வோம். உங்கள் காலேஜ் பையன்களுக்குச் சங்கம் இல்லை. அதனால் என்சிஏஏ எந்த விதி போட்டாலும் ஒருவன் கோர்ட்டுக்குப் போவான், ஜெயித்தும் வருவான்.

9:46 நந்தினி: நடந்தே விட்டது அப்பா. வேண்டர்பில்ட் குவாட்டர்பேக் டியேகோ பாவியா. முதலில் ஜூனியர் காலேஜில் விளையாடிய வருஷங்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2024 டிசம்பரில் கோர்ட்டில் தடை வாங்கினான். இன்னொரு சீசன் ஆடி, ஹைஸ்மனில் மெண்டோசாவுக்கு அடுத்த இடம்.

9:47 சுந்தரம்: அதுதான் சொன்னேன். சங்கம் வைக்க விடாதவன் வக்கீலுக்குக் கொடுப்பான்.

9:48 மீனாட்சி: அண்ணா ஆரம்பித்துவிட்டார். இனி 1982 வேலைநிறுத்தம் வரும்.

9:53 செந்தில்: எனக்கு வயிற்றெரிச்சல் வேறு, அண்ணா. பையன்கள் காலேஜ் மாறினால் விசுவாசம் இல்லை என்று டிவியில் ஒப்பாரி. கோச்சுகள்? லேன் கிஃபின் ஓல் மிஸ் அணியை 11 வெற்றி, ஒரே தோல்வி என்று கொண்டுவந்து நிறுத்திவிட்டு, நாக்அவுட் தொடங்கும் முன் நவம்பர் கடைசியில் லூசியானா ஸ்டேட் காலேஜுக்கு, அதாவது எல்எஸ்யூவுக்குக் கிளம்பிவிட்டார். அரைப் பரீட்சையில் எழுந்துபோன வாத்தியார். அந்தப் பையன்கள் உதவிக் கோச்சை வைத்துக்கொண்டே ஜார்ஜியாவைத் தோற்கடித்து அரையிறுதி வரை போனார்கள். அதே எல்எஸ்யூ ஒரு மாதம் முன்புதான் பழைய கோச்சை வீட்டுக்கு அனுப்பியது. ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியது 5 கோடி டாலருக்கு மேல். வேலை பார்க்காமல் இருப்பதற்கு.

9:54 கவிதா: எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

9:55 நந்தினி: சித்தப்பா, ஒன்று சொல்கிறேன், கோபப்படக்கூடாது. பழைய முறையில் அலபாமா, ஒஹையோ ஸ்டேட் என்று ஐந்தாறு பேர்தான் மாறி மாறி ஜெயித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல பையன்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்தாவது இருப்பார்கள். கதவு திறந்ததால்தான் இண்டியானாவுக்கு வழி கிடைத்தது. சந்தைக்கடைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழைக்கும் ஒரு நாள் கோழி கிடைத்தது.

9:57 செந்தில்: இண்டியானா ஏழையா? அது சேர்ந்து ஆடும் பிக் டென் காலேஜ் குழுவின் டிவி ஒப்பந்தமே ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலர். ஏழை என்றால் ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பசிஃபிக் குழு 2024இல் சிதறி அந்த இரண்டும் நடுத்தெருவில் நின்றன.

9:58 நந்தினி: அது உண்மைதான். ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கடற்கரைக் குழுவில். இருப்பதோ பசிஃபிக் பக்கம்.

9:58 மீனாட்சி: ராமேஸ்வரத்துக்காரன் சூரத்தில் போய் லீக் ஆடுவது போலவா?

9:59 நந்தினி: அதைவிடத் தூரம் அத்தை. ஃபுட்பால் பையன்கள் வாரம் ஒருமுறை தனி விமானத்தில் போய்விடுவார்கள். வாலிபால், சாஃப்ட்பால் பெண்கள்தான் பாவம், பரீட்சைப் புத்தகத்தோடு ஏர்போர்ட்டில் கிடப்பார்கள். கலிஃபோர்னியாவின் கால் பாலி மாதிரி சில காலேஜ்களில் நீச்சல் அணியையே மூடிவிட்டார்கள்.

10:02 மீனாட்சி: இதெல்லாம் இருக்கட்டும். நம் அருண் இதில் சேரப் போகிறான் என்று கவிதா முந்தாநாள் அழுதாளே, அது என்ன ஆயிற்று?

10:03 கவிதா: மதினி, அதை நான் உங்களுக்குத் தனியாகத்தான் அனுப்பினேன்.

10:03 மீனாட்சி: ஐயோ.

10:07 செந்தில்: அக்கா, டெக்ஸஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஹைஸ்கூல் ஆட்டம்தான் திருவிழா. பக்கத்து ஊர் ஆலனில் பள்ளிக்கூட ஸ்டேடியம் மட்டும் 6 கோடி டாலர், 18,000 பேர் உட்காரலாம். கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் போகும்போது இவனுக்கும் ஆசை வராதா?

10:11 கவிதா: ஆசை சரி. தலை? தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டால் ஒரு மூளை நோய் வருமாம். இறந்த பிறகு மூளையை அறுத்துப் பார்த்துத்தான் அந்த நோய் இருந்ததா என்றே உறுதி செய்ய முடியுமாம். மயாமியின் என்எஃப்எல் அணியில் ஆடிய அந்த டுவா என்ற பையன் 2022இல் மைதானத்திலேயே விரல்கள் விறைத்துக் கிடந்தானே, அதை இவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்புறமும் 2024இல் மறுபடி அடிபட்டான். பழைய ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு நூறு கோடி டாலர் அளவுக்கு லீக் கொடுக்க வேண்டி வந்தது. ஒன்றுமில்லாததற்கா கொடுத்தார்கள்?

10:13 செந்தில்: இப்போது விதிகளை மாற்றியிருக்கிறார்கள் கவிதா. 2024இலிருந்து ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்ஆஃபில் தூரத்திலிருந்து ஓடிவந்து மோதுவது இல்லை.

10:13 கவிதா: பக்கத்திலிருந்து மோதினால் பரவாயில்லையா?

10:14 நந்தினி: சித்தி, ஃப்ளாக் ஃபுட்பால் இருக்கிறது. இடுப்பில் கட்டிய துணியை உருவினால் போதும், இடி கிடையாது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலேயே சேர்த்திருக்கிறார்கள், அணிக்கு ஐந்து பேர்.

10:15 சுந்தரம்: அருண் என்ன சொல்கிறான்? எல்லோரும் அவன் தலையைப் பற்றிப் பேசுகிறோம், தலைக்காரனைக் காணோம்.

10:19 அருண்: நான் எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன் பெரியப்பா. மெதுவாக வாசிப்பேன், அவ்வளவுதான். நான் கிக்கராகச் சேரலாம் என்று பார்க்கிறேன். சாக்கர் டீமில் இருக்கிறவன்தானே, உதைக்கத் தெரியும். கிக்கரை இடித்தால் இடித்தவனுக்குத்தான் பெனால்டி. இன்றைக்குக்கூட சியாட்டிலின் 29 புள்ளிகளில் 17 கிக்கர் ஜேசன் மையர்ஸ் எடுத்தது. கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் ஃபீல்டு கோல் மட்டும் ஐந்து, சூப்பர் பவுல் சாதனை. அம்மா அப்போது சமையலறையில் இருந்தாள்.

10:20 கவிதா: இதை நீ வீட்டில் சொல்லவே இல்லையே?

10:20 அருண்: நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

10:22 மீனாட்சி: அப்போது காலால்தான் உதைக்கிறான். ஃபுட்பால் என்று நான் முதலிலேயே சொன்னேன், யாராவது கேட்டீர்களா?

10:23 செந்தில்: அக்கா...

10:24 கவிதா: அங்கே மணி பத்தரை ஆகிவிட்டது மதினி, அதாவது இங்கே பதினொன்று ஆகப் போகிறது. அருண், ஃபோனை வைத்துவிட்டுப் படு. நாளைக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட். கிக்கர் விஷயம் ஞாயிற்றுக்கிழமை பேசலாம். செந்தில், மிச்சமிருக்கிற சமோசாவை ஃப்ரிட்ஜில் வையுங்கள்.